புள்ளக்காம்பராத் தண்ணி

இல்லீங்க ஐயா, அங்க ஒக்காராதீங்க, மேல தகரத்துல ஓட்ட. இந்தப் பெஞ்சுக்கு வாங்க. பையக் கீழ வைக்காதீங்க, தர ஈரம். லுணுகலப் பக்கம் இருட்டிக்கிட்டு வந்தா ஒரு பாட்டம் ஊத்திட்டுத்தான் விடும். அது வரைக்கும் நீங்களும் எங்கயும் போக ஏலாது, நானும் மலைக்குப் போகப்போறதில்ல. ஞாயித்துக்கெழமதானே. கேக்குறதக் கேளுங்க.

கீழ் லயத்துல வீடு வீடா ஏறி எறங்கினீங்களாமே. யாரும் வாயத் தொறக்கலியாமே. தொறக்க மாட்டாங்க ஐயா. பயந்துக்கிட்டுன்னு நெனைக்காதீங்க. கேக்க வேண்டிய நாள்ல கேக்க வராதவங்க இப்ப எதுக்கு வர்றாங்கங்கற கோவம். ஆர்த்திகா மேல தோட்டத்துத் தொர கெம்பஸுக்கு எழுதிப் போட்டுட்டாரு, கெம்பஸ்ல இருந்து இரகுநாதன்னு ஒரு ஐயா விசாரிக்க வர்றாருன்னு நேத்தே மல முழுக்கத் தெரியும். அனுமதி இல்லாம புள்ளக்காம்பராவுக்குள்ள பூந்தா, தண்ணியில சாயத்த ஊத்தி சனத்த மெரட்டினா, வேலய நிப்பாட்டினா. அதானே எழுதியிருக்காரு? நீங்க தலையாட்டலன்னாலும் எனக்குத் தெரியும்.

ஆர்த்திகாவ எனக்கு எப்பிடித் தெரியுமா? அவ இராக்கம்மா மக. இராக்கம்மாவும் நானும் ஒரே மலையில பக்கத்துப் பக்கத்து நெரையில தேயிலக் கொழுந்தெடுக்கிறவங்க. எங்க டிவிசன்ல இருந்து கெம்பஸ் போன மொதப் புள்ள அவ. பேராதனையில கெமிஸ்ட்ரி. அத நான் ஒங்களுக்குச் சொல்லணுமா, ஒங்ககிட்ட படிக்கிற புள்ளதானே. படிக்கிற புள்ளன்னு சொல்றதா, படிச்ச புள்ளன்னு சொல்றதான்னு இப்ப ஒங்க கையிலதான் இருக்கு.

சொல்றேன், சொல்றேன். ஆனா அவளப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி என் புள்ளயப் பத்திச் சொல்லணும். இருங்க ஐயா, அதச் சொல்லாம இது வெளங்காது.

அந்தா, செவத்துல சாஞ்சுக்கிட்டு ஒங்க கொடயவே பாத்துக்கிட்டு நிக்கிறானே, அவன்தான். மதுரன். ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது. பொறக்கும்போது நல்லாத்தான் பொறந்தான். காலத்துக்குத் தவழ்ந்தான், காலத்துக்கு நடந்தான், அம்மான்னான், நெலான்னான், கங்காணி இருமுறது மாதிரி இருமிக் காட்டுவான். நான் திரும்ப வேலைக்குப் போனதும் புள்ளக்காம்பராவுல விட்டேன். நீங்க வரும்போது பாத்திருப்பீங்க, வளைவுல மஞ்சச் செவரு கட்டடம். கைப்புள்ளக்காரிங்க எல்லாரும் அங்கதான் புள்ளைங்கள விட்டுட்டு மலைக்குப் போவோம். ஒரு ஆயாம்மா பாத்துக்குவா. நல்லவதான், அவளக் கொற சொல்ல மாட்டேன். கட்டடத்துக்குப் பின்னால மேட்டுல ஒரு சீமெந்து டேங்கு. மலையூத்துத் தண்ணி அதுல வந்து தேங்கி, கொழாய்ல எறங்கும். பால் கரைக்கிறது அந்தத் தண்ணி, கஞ்சி காச்சுறது அந்தத் தண்ணி.

ஒரு வருஷம் போச்சு. வயித்த வலிக்குதும்பான். சோறு எறங்காது, ஆனா செவத்துச் சுண்ணாம்பச் சொரண்டித் தின்பான். மொகம் வெளிறிப் போச்சு. நெலான்னு சொன்ன வாயி மூடிக்கிச்சு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், காது கேக்கலியோன்னு பின்னால நின்னு தகரத்தத் தட்டிப் பாத்திருக்கேன். கேக்கும். திரும்பணும்னு அவனுக்குத் தோணாது, அவ்வளவுதான்.

டிஸ்பென்சரியில பூச்சி மருந்து குடுத்தாங்க. பூச்சி போகலன்னதும் டொனிக் குடுத்தாங்க. டொனிக்கும் கேக்கலன்னதும் என்னயக் குத்தம் சொன்னாங்க. நீ சும்மா வெறும் தேத்தண்ணியக் குடுத்துக் குடுத்துப் புள்ள ரத்தத்த வத்த வச்சிட்டன்னாங்க. பள்ளிக்கூடத்துல சேத்தேன். போன கொஞ்ச நாள்லயே டீச்சரம்மா அவனப் பின் வாங்குல, கடைசிப் பெஞ்சுல, தள்ளிட்டாங்க. போயிக் கேட்டேன். லயத்துப் புள்ளைங்க பாதி இப்பிடித்தான் வருதுங்க, பரம்பர மந்தம், நான் என்ன செய்யன்னாங்க.

பரம்பரன்னா யாரு பரம்பரன்னு கேட்டேன் ஐயா. எங்க அப்பா தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுறவரு. எந்த மலையில எந்த வருஷம் கவ்வாத்து வெட்டினதுன்னு படுத்துக்கிட்டே சொல்லுவாரு. எங்க பரம்பரையில மந்தம் எவன்னு காட்டுங்க, நான் ஒத்துக்கிட்டுப் போறேன்னேன். அவங்க என்னய ஒரு மாதிரிப் பாத்தாங்க. இந்தப் பொம்பளைக்கு வாயி நீளம்னு அன்னைலருந்து பள்ளிக்கூடத்துல பேரு. இருக்கட்டும்.

ஆனா அந்தப் பின் வாங்கப் பாத்தேன். அதுதான் என் மனசுல ஒக்காந்திருச்சு. அதுல ஒக்காந்திருந்தது முழுக்க எங்க டிவிசன் புள்ளக்காம்பராவுல வளந்ததுங்க. வீட்டுல ஆளிருந்து வீட்டுலயே வளந்த புள்ளைங்க முன்னால ஒக்காந்து கையத் தூக்குதுங்க. அதே லயம், அதே ரொட்டி, அதே கள்ளுக் குடிக்கிற அப்பன். ஒன்னுதான் வேற. ஒபீசுக்குப் போயி கிளாக்கர் ஐயாகிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சிட்டு, புள்ளக்காம்பரா வேணாம்னா முதுகுல கட்டிக்கிட்டு கொழுந்தெடுன்னாரு. முதுகுலதான் ஏற்கெனவே கொழுந்துக் கூட இருக்குதேன்னேன்.

இந்த நெலமையிலதான் ஆர்த்திகா லீவுக்கு வந்தா. போன வருஷக் கடைசி. கையில ஒரு வெள்ளப் பெட்டி, மீன் கொண்டுவர்ற பெட்டி மாதிரி. ரயில்ல வரும்போது அப்புத்தளையில ஆமிக்காரங்க எறக்கி, மூடியத் தொறந்து, இது என்ன, அது என்னன்னு ஒவ்வொரு போத்தலாத் தூக்கிப் பாத்தாங்களாம். சண்ட நேரம். தமிழ்ப் பொம்பளப் புள்ள, பெட்டிக்குள்ள ஐஸ்சு, ஐஸுக்குள்ள நீலத் தண்ணி. கெம்பஸ் கார்டக் காட்டி, அதே ரயில்ல வந்த ஒரு சிங்கள டீச்சர் எறங்கிப் பேசித்தான் விட்டாங்களாம். வீட்டுல பிரிஜ் இல்லைங்களே. லுணுகலை டவுன்ல மர்ஸூக் நானா கடைப் பிரிஜ்ஜுல வைக்க எடம் கேட்டா. அவரும் மொதல்ல பயந்தாரு, அப்புறம் இராக்கம்மா மகதானேன்னு சோடா வைக்கிற தட்டுல ஒரு மூலைய ஒதுக்கிக் குடுத்தாரு. வேண்டியப்ப வேண்டிய அளவு எடுத்துட்டு வருவா.

அது என்னன்னு இந்த இஸ்தோப்புல, நாம ஒக்காந்திருக்கிற இதே திண்ணையில வச்சுத்தான் எங்களுக்குக் காட்டினா. நாங்க நாலஞ்சு பொம்பளைங்க, மலையில இருந்து எறங்கி வந்த கையோட. அதுல தங்கம் இருக்கு அத்தன்னா. எல்லாரும் சிரிச்சிட்டோம். கழுத்துல போட ஒரு பொட்டுத் தங்கம் இல்ல, இவ போத்தல்ல கொண்டாந்திருக்கான்னு. அவளும் சிரிச்சா. கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கிட்டா தங்கம் மஞ்சளா இருக்காதாம். தனித்தனியா மெதந்தா செவப்பாத் தெரியுமாம். ஒன்னோடொன்னு ஒட்டிக்கிட்டா நீலமாத் தெரியுமாம். இவ அதுகள ஒட்ட வச்சிருக்கா. எதால ஒட்டியிருக்கன்னு கேட்டேன். டி.என்.ஏ.ன்னா. நம்ம ஒடம்புக்குள்ள, புல்லுக்குள்ள, எல்லா உசுருக்குள்ளயும் இருக்கிற நூலு மாதிரி ஒன்னு, அத இவங்க லெப்புல தனியாச் செஞ்சுக்கிறாங்களாம். அதுல ஒரு வகைக்கு ஈயம் பட்டா வேல செய்யிற கொணமாம். தண்ணியில ஈயம் இருந்தா அது நூல அறுத்துடும். நூல் அறுந்தா தங்கம் பிரியும். நீலம் செவப்பாகிடும். ஈயம் இல்லன்னா நீலம் நீலமாவே இருக்கும்.

சரியாச் சொல்றேனா? நீங்க படிச்சவரு, பெசகிருந்தா சொல்லுங்க. எனக்கு அது எப்பிடி நடக்குதுன்னு முழுசா வெளங்கல, வெளங்கின மாதிரி நடிக்கவும் மாட்டேன். எனக்கு வெளங்கினது ரெண்டு நெறம். அது போதும்னு அவளே சொன்னா. பெரிய மெஷின் கொழும்புலதான் இருக்கு, கண்டியிலதான் இருக்கு. மெஷின் இல்லாத எடத்துல, படிக்காதவங்க கூட வெறும் கண்ணால பாக்கணும்னுதான் இதச் செய்யிறோம்னா. ஈயம் கொஞ்சமா இருந்தா இது காட்டாது, காட்டிருச்சுன்னா நெறைய இருக்குன்னு அர்த்தம்னும் சொன்னா. மீன் வலையில கட்டுற ஈயக் குண்டு ஊறின தண்ணியில விட்டுக் காட்டினா, செவந்திச்சு. மலையில இருந்து லயத்துக்கு வந்து விழுற எங்க பீலித் தண்ணியில விட்டா, நீலமாவே நின்னிச்சு. அவ வீட்டுப் பானைத் தண்ணி, ஓடத் தண்ணி, எல்லாம் நீலம். லெப்புத் தண்ணியில இல்லாம நெசத் தண்ணியில ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்கத்தான் வந்திருந்தா. அவளுக்கு வேற எந்த எண்ணமும் இல்ல. அத எழுதிக்குங்க.

ஈயம் ஒடம்புல சேந்தா சின்னப் புள்ளைங்க வயிறும் மூளையும் கெட்டுப் போகும்னு அவ சொன்னதும், எண்ணம் எனக்குத்தான் வந்திச்சு. புள்ளக்காம்பராத் தண்ணியப் பாருடின்னேன்.

ஒடனே பாத்தாளா? இல்லீங்க. அது தோட்டத்துக் கட்டடம் அத்த, கேக்காமப் போகக் கூடாதுன்னா. ஒபீசுக்குப் போயி நின்னா, நானும் கூடப் போனேன். மழையில நிக்க வச்சாங்க. சின்னத்தொர வெளிய வராமலே ஆள் விட்டுச் சொன்னாரு, போத்தலத் தூக்கிக்கிட்டு புள்ளக்காம்பராப் பக்கம் வந்தா பொலிசுல புடிச்சுக் குடுப்பேன்னு. இந்தக் காலத்துல ஒரு தமிழ்ப் புள்ளய மருந்துப் போத்தலோட பொலிசுல குடுக்கிறதுன்னா என்ன அர்த்தம்னு நீங்க யாழ்ப்பாணத்து ஆளு, நான் சொல்லத் தேவையில்ல.

அவ சரின்னு திரும்பிட்டா. கெம்பஸ்ல எனக்குப் படிப்பிக்கிற மெடத்துகிட்டச் சொல்லி, அவங்க சுகாதார ஒபீசுக்கு எழுதி, முறையா வந்து பாக்கட்டும்னா. எவ்வளவு காலம் ஆகும்னேன். ரெண்டு மூணு மாசம் ஆகலாம் அத்தன்னா. அது வரைக்கும் அங்க இருக்கிற புள்ளைங்க என்னத்தக் குடிக்கிறதுன்னு கேட்டேன். அந்தா அந்தத் தூணப் புடிச்சுக்கிட்டு அழுதா. கோழன்னு நெனைச்சிராதீங்க. கெம்பஸ் போயிட்டா ஒரு புள்ளைக்கு இழக்கிறதுக்கு நெறைய வந்திருது. அவ பின்னால இராக்கம்மா இருக்கா, தம்பி தங்கச்சி இருக்கு. எனக்கு அது வெளங்கிச்சு. நான் அவளத் திட்டல.

வேல நின்ன அன்னைக்கு நடந்ததுதான் ஒங்களுக்கு வேணும். சொல்றேன்.

காலையில பெரட்டு நேரம். மலைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் களத்துல கூடுவோம், கணக்கப்பிள்ள பேரு கூப்பிட்டு எந்த மலைன்னு பிரிச்சு விடுவாரு. பனி. கூட முதுகுல, சாக்குப் படங்கு இடுப்புல, புள்ளைங்க இடுப்புல. பீலித் தண்ணி ஒரு கண்ணாடிக் குப்பியில, புள்ளக்காம்பராக் கொழாய்த் தண்ணி ஒரு குப்பியில. ரெண்டையும் செவத்துக் கட்டையில பக்கத்துல பக்கத்துல வச்சு, அந்தப் புள்ள காட்டிக் குடுத்த மாதிரியே, ரெண்டுலயும் நீலம் விட்டாச்சு. ஒன்னும் மூடி மறைக்கல. வெளிச்சத்துல, எல்லாரு கண்ணு முன்னாலயும். கணக்கப்பிள்ள கூட பேரு கூப்பிடுறத நிப்பாட்டிட்டு எட்டிப் பாத்தாரு.

மொதல்ல ஒன்னும் இல்ல. ரெண்டும் நீலம். யாரோ சிரிச்சாங்க. எனக்கு, ச்சீ, ஒன்னும் இல்லாமப் போயிருமோ, இல்ல, ஒன்னும் இல்லாமப் போனா நல்லதுதானேன்னு ரெண்டும் சேந்து வந்திச்சு. தாயி மனசு அப்பிடித்தான் இருந்திச்சு, ஒளிக்க மாட்டேன். அப்புறம் புள்ளக்காம்பராக் குப்பி லேசாக் கலங்கின மாதிரி, கத்திரிப் பூ நெறம். பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஊதா, அப்புறம் பீட்ரூட் அவிச்ச தண்ணி மாதிரி செவப்பு. பீலித் தண்ணி அசையவே இல்ல. நீலம்.

ஆயாம்மாதான் மொதல்ல அப்பிடியே தரையில ஒக்காந்தா. என் கையாலதானே ஊத்தினேன், என் கையாலதானே ஊத்தினேன்னு. ஒனக்கு எப்பிடித் தெரியும், எழுந்திரின்னு தூக்கி விட்டோம்.

அன்னைக்கு ஒருத்தியும் புள்ளக்காம்பராவுக்குள்ள புள்ளய விடல. மலைக்கும் போகல. அது வேலைய நிப்பாட்டினதுன்னு தொர எழுதியிருந்தா, ஆமா, நிப்பாட்டினோம். யாரும் சொல்லி நிப்பாட்டல. அவரு ஜீப்புல வந்து எறங்கினாரு. இது சாயம், கண்கட்டு வித்தன்னாரு. சரிங்க தொர, சாயம்னா டேங்கத் தொறந்து காட்டுங்கன்னோம். அது தோட்டத்துச் சொத்து, தொடக் கூடாதுன்னாரு. அதுல இருந்து குடிக்கிற புள்ளைங்க எங்க சொத்துங்கன்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டு மேட்டுல ஏறினேன். பின்னால இராக்கம்மாவத் தவிர எல்லாரும் ஏறினாங்க. சீமெந்து மூடி, அலவாங்கு போட்டு நெம்பினோம்.

உள்ள என்ன இருந்திச்சுன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லலியா? அந்தக் காயிதத்துல அது இல்லியா? இருக்காதுதான்.

ஈயத்தகடு ஐயா. அந்தக் காலத்துல தேயிலப் பெட்டிக்கு உள்ள ஒட்டுவாங்களே, காத்துப் படாம இருக்க, அந்தத் தகடு. ஸ்டோருக்குப் பின்னால சுருட்டிச் சுருட்டிக் கெடந்திச்சு, நாங்க சின்னப் புள்ளையில எடுத்து மடிச்சு வெளையாடியிருக்கோம். பாத்ததும் எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. தோட்டம் கவர்மெண்டு கையில இருந்து கம்பெனி கைக்குப் போன காலத்துல டேங்கு வெடிச்சு ஒழுகியிருக்கு. சீமெந்து வாங்கிப் பூச மனசு வரல, சும்மா கெடந்த தகட்ட எடுத்து அடியில, மூலையில எல்லாம் அடிச்சு ஒட்டிட்டாங்க. நம்ம மலையூத்துத் தண்ணி உப்பில்லாத மெல்லிசான தண்ணி, அது ஈயத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும்னு பின்னால ஆர்த்திகா சொன்னா. தகடெல்லாம் வெள்ள பூத்துப் போயி, தொட்டா கையோட வந்திச்சு. அத்தன வருஷமா எங்க புள்ளைங்களுக்குப் பால் கரைச்ச தண்ணி.

அடுத்த நாளே டேங்கக் கழுவிட்டாங்க. தகட்ட உரிச்சு லொறியில ஏத்திட்டாங்க. புதுசாச் சீமெந்து பூசிட்டாங்க. அதுக்கு அப்புறம் சுகாதாரம் பாக்கிற பி.எச்.ஐ. ஐயாவக் கூட்டியாந்து தண்ணி எடுக்க வச்சாங்க. தண்ணி நல்ல தண்ணின்னு கொழும்புல இருந்து வந்திச்சு. இப்ப அது நல்ல தண்ணிதானே, நாங்க இல்லன்னா சொன்னோம்? அத வச்சிக்கிட்டுத்தான் ஆர்த்திகா சொன்னது பொய்னு எழுதியிருக்காங்க. ஒரு துண்டுத் தகடு என்கிட்ட இருக்கு. எங்க இருக்குன்னு கேக்காதீங்க. ஒங்களுக்குன்னா காட்டுவேன், ஒங்க கையில தர மாட்டேன்.

தகட்டக் கழுவலாம், புள்ளைங்க ரத்தத்தக் கழுவ ஏலாதே. ஆர்த்திகாவோட மெடம் பதுளை ஆஸ்பத்திரியில ஒரு டொக்டரம்மாவுக்குச் சொல்லி, பள்ளிக்கூடத்துல பின் வாங்குல இருந்த அத்தன புள்ளைங்களுக்கும் ரத்தம் எடுக்க வச்சாங்க. கொழும்புக்குப் போயி வந்திச்சு. மதுரன் ரத்தத்துல ஈயம். எல்லாப் புள்ளைங்களுக்கும் ஈயம். டொக்டரம்மா என்னய ஒக்கார வச்சு, இது ஒங்க பரம்பரை இல்ல, நீங்க குடுத்த சாப்பாடும் இல்லன்னு சொன்னாங்க. இத்தன வருஷமா யாராவது சொல்ல மாட்டாங்களான்னு நான் இருந்த வார்த்த. போனது எல்லாமே திரும்பி வரும்னு சொல்ல ஏலாது, ஆனா இனிமேப் போகாது, வெளையாடவிடுங்க, பேசிக்கிட்டே இருங்க, முட்ட, கீர, பால் குடுங்கன்னாங்க. பேசிக்கிட்டே இருக்கேன். அதான் வாயி நீளம்னு பேரு இருக்கே.

வித்தியாசம் இருக்குங்க. வயித்து வலி நின்னுருச்சு. போன கெழம கொழுந்துக் கூடயக் காட்டி, அம்மா, நெறஞ்சிருச்சுன்னான். முழுசா ஒரு பேச்சு. நான் மலையில நின்னு யாருக்கும் தெரியாம அழுதேன். டீச்சரம்மாகிட்டப் போயி, ஒங்க பரம்பர மந்தத்த முன் வாங்குக்கு மாத்துங்கன்னேன். மாத்தினாங்க.

இப்ப நீங்க கேளுங்க. என்ன, அன்னைக்குப் பெரட்டுக் களத்துல ஆர்த்திகா எந்தப் பக்கம் நின்னான்னா?

நீலத்த விட்டது நான்தான்னு அவளே ஒத்துக்கிட்டா, கையெழுத்தும் வச்சிட்டான்னு சொல்றீங்க. தெரியும் ஐயா. போன மாசம் வந்து சொன்னா. அத்த, நீங்க வாயத் தொறக்காதீங்க, ஒங்களுக்கு வேல போயிரும், லயத்துக் காம்பராவும் போயிரும், மதுரன வச்சிக்கிட்டு எங்க போவீங்க, எனக்கு மிஞ்சிப் போனா ஒரு வருஷம் தள்ளிப் போடுவாங்கன்னா. அதான் கீழ் லயத்துல யாரும் ஒங்களுக்கு ஒன்னும் சொல்லல. ரெண்டு பேருல யாரக் காட்டிக் குடுக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியல.

அவ ஒரு வருஷத்தத் தள்ளிப் போட நான் ஒத்துக்க மாட்டேன். வருஷம் தள்ளிப் போறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், என் புள்ள வருஷம் அந்த டேங்குல போயிருக்கு.

ஆர்த்திகா அன்னைக்குத் தோட்டத்துலயே இல்லீங்க. விடிய மொத பஸ்ஸுல இராக்கம்மாவக் கூட்டிக்கிட்டு பதுளைக்குக் கண்ணு காட்டப் போயிட்டா. அந்திக்குத்தான் திரும்பினா. கண் கிளினிக்குல பேரு இருக்கும், போய்ப் பாருங்க. மொதல் நாள் நான்தான் லுணுகலைக்கு எறங்கி, மர்ஸூக் நானா கடையில கருவாடு வாங்கினேன். ஆர்த்திகா போத்தல் ஒன்னு தரச் சொன்னான்னேன். அவரு நம்பிக் குடுத்தாரு, அவர் மேலயும் குத்தம் இல்ல. ஐஸ சாக்குல சுத்தி, கொழுந்துக் கூடைக்குள்ள போட்டுக்கிட்டு வந்தேன். கொழாய்ல தண்ணி புடிச்சது நான். செவத்துக் கட்டையில வச்சது நான். நீலத்த விட்டது இந்தக் கை. அவ திரும்பி வந்துதான் சங்கதியவே கேட்டா. கேட்ட கையோட, எத்தன சொட்டு விட்டீங்க, எவ்வளவு நேரத்துல செவந்திச்சுன்னு கேட்டா. படிச்ச புள்ளதானே.

அவ பொய் சொன்னதுக்கு வேணும்னா ஏதாவது செய்யிங்க. ஆனா அவ செஞ்ச சாமான் பொய் இல்லன்னு எழுதுங்க. படிக்காத ஒருத்தி, மெஷின் இல்லாம, வெறும் கண்ணால பாத்தான்னு எழுதுங்க. அதுக்குத்தானே அவ அதச் செஞ்சா? அப்ப அவ பாஸ்தானே ஐயா?

அனுமதியா? யாருகிட்ட நான் கேக்கணும்? தெனமும் காலையில அந்த வாசல்ல என் புள்ளயக் குடுக்கிறப்ப ஒருத்தனும் என்கிட்ட அனுமதி கேக்கல.

வேல போனாப் போகட்டும். தொர என்னய வெளிய போடட்டும், நான் டேங்குத் தகட்டக் கையில புடிச்சுக்கிட்டு பதுளைக் கோர்ட்டு வாசல்ல போயி நிக்கிறேன். ஆர்த்திகா எழுதி வச்ச கடுதாசிய அடிச்சுப் போட்டுட்டு, என் பேர எழுதுங்க. ஏன் பாத்துக்கிட்டே இருக்கீங்க, பேனா எழுதலியா?

பாக்கியலெட்சுமி. முழுசா எழுதுங்க.